குரலுக்கு ஒரு அரை டிக்கெட்

தவளைமட்டம் கிளை நூலகத்துக்குப் புது ரப்பர் ஸ்டாம்பு வந்த வாரம்தான் ராக்கு அத்தை வீட்டு அடுப்படியில் ஓர் ஆண் குரல் தண்ணீர் கேட்டது. அத்தை அப்போது கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, அன்று காலை எடுத்துவந்த புது நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து முதல் வரியைத்தான் முடித்திருந்தாள். புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. யாரும் இல்லாத இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். தண்ணீர் குறையவில்லை, ஆனால் குரல் "அப்பாடா" என்றது.

"எந்த ஊருங்க?" என்று அத்தை கேட்டாள்.

"தஞ்சாவூர்ப் பக்கம்."

"சாப்பிட்டாச்சா?"

"இல்லீங்க."

அதற்கப்புறம்தான் அத்தைக்குச் சந்தேகம் வந்து, நேராகப் பக்கத்து வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏண்டி ரேடியோ, ஆம்பளைக் குரல்ல தண்ணி கேட்டு விளையாடுற வயசா உனக்கு?"

அத்தையைக் குறை சொல்லமுடியாது. என் பெயர் ஜெயக்கனி, அது பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது. ஃபேக்டரி சைரனை அது ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஊதி மூன்று லைன் வீட்டுக்காரர்களைப் பல் தேய்க்காமல் ஓடவிட்டது நான்தான். சூப்பர்வைசர் குரலில் "இன்னிக்கு அரை நாள்தான், போங்க" என்று தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து சொல்லி முப்பது பேரை வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான். கண்டக்டர் மயில்சாமி அண்ணன், கோயில் பூசாரி, கம்பவுண்டர் தேவராசு, காலையில் மலையைத் தாண்டிப் பறக்கும் இருவாச்சி என்று யாரையும் விட்டதில்லை. அதனால் அடியை வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் சொன்னது: "அந்தப் பொண்ண ஏம்மா அடிக்கிறீங்க?"

அத்தை மூடியிருந்த என் வாயைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். "சரி, அப்ப ஒரு ஆளுக்குச் சேத்து உலை வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் ஊர் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருக்கிறது. ஜூன் மாதம் மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் மலை இறங்கிப்போய்விடும், அட்டையும் மூடுபனியும் மட்டும் மிஞ்சும். அதனால் எங்கள் ஊரில் படிக்கிற பழக்கமில்லாதவர்களும் படிப்பார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு, மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காணியைக்கூடக் கழற்றாமல், நூலக வாசலில் நிற்பார்கள். நூலகர் சற்குணம் சார் புதுப் புத்தகக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திருடுகிறவர்களுக்காக முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு முத்திரை என்று குத்துவார். பழைய ஸ்டாம்பு தேய்ந்து புதுசு வந்தது. புதுசு குத்திய புத்தகத்தை யார் முதலில் திறந்தாலும் அதை எழுதியவரின் குரல் அந்த வீட்டில் வந்து இறங்கியது. ஏன் என்று நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. வந்தவர்களுக்குப் பாய் எங்கே விரிப்பது என்பதே பெரிய யோசனையாக இருந்தது.

ஒரு மாதத்தில் எல்லாம் பழக்கமாகிவிட்டது. "உங்க வீட்ல யாரு?" என்று கேட்டால் உறவுக்காரர்களைக் கேட்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். நாவல் எழுதியவர்களின் குரல், வீட்டில் சண்டை நடந்தால் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும். தன்வரலாறு எழுதியவர்களின் குரல், சண்டை நடந்தால் நடுவில் புகுந்து சமாதானம் பேசும். தங்கள் புத்தகத்தைப் பற்றி மட்டும் எந்தக் குரலும் பேசாது. அடம் இல்லை. எழுதியதெல்லாம் எழுத்தோடு போய்விட்டதால் குரலில் அது இருக்காது. எழுதாமல் விட்டது மட்டும்தான் குரலிடம் மிச்சம் இருக்கும்: ரசத்துக்கு எவ்வளவு மிளகு, சின்ன வயசில் பல் விழுந்த இடம், யாரோ ஒருத்தரின் செருப்புச் சத்தம், இப்படி. படிக்கிறவர் கடைசிப் பக்கத்தை முடித்ததும் குரல் "அப்ப வரேன்" என்று கிளம்பி காலை ஐந்தே முக்கால் வண்டியைப் பிடிக்கும். உட்கார இடம் கேட்பதில்லை, ஆனால் வழிநெடுகப் பேசுகிறது, எனவே அரை டிக்கெட் என்பது மயில்சாமி அண்ணன் சொன்ன தீர்ப்பு. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஏறி, "இந்த அரை யாருக்கு?" என்று கேட்டபோது ஜன்னலோரக் காலி இடம் "எனக்குத்தாங்க" என்றது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

எனக்கோ கல்யாண வீட்டுக்குள் விட்ட ஆடு மாதிரி இருந்தது. ஊரில் இருந்த குரலெல்லாம் எனக்குத் தீர்ந்துபோயிருந்தது, இப்போது வாரத்துக்கு நாலு புதுசு. ராக்கு அத்தை அடுத்ததாக எடுத்த நாவலை எழுதியது ஓர் அம்மா. ரொம்பக் கூச்சம், ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் பேசுவார். மூன்றாம் நாள் நான் பின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கூச்சத்தோடேயே சொன்னேன்: "நாட்டுக்கோழி சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு." அத்தை தன் வெள்ளைப் பெட்டையை அடித்துக் குழம்பு வைத்து இலை போட்டு, விருந்தாளிக்குக் கூச்சமாக இருக்கும் என்று வெளியேயும் போய்விட்டாள். நான் ஜன்னல் வழியாக இறங்கித் தொடைக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து மெல்லிசாக ஒரு குரல், "நான் சைவம்ங்க" என்றது. வாசலில் நின்ற அத்தையின் காதில் அது விழுந்துவிட்டது.

நூலகத்தில் பஞ்சாயத்து. "ஆறு மாசத்துக்கு ரேடியோவுக்கு நாவல் கிடையாது" என்று சற்குணம் சார் தீர்ப்புச் சொன்னார். "தன்வரலாறு மட்டும் எடுத்துக்கட்டும். அதுல வர்ற குரல்கிட்ட விளையாட மனசு வராது."

இதற்கு நடுவில்தான் சிலேட்டுக்காரர் வந்தார். பெயர் தென்னவராயன், நாவலாசிரியர். மேலே வந்த வண்டியிலிருந்து கழுத்தில் மப்ளரும் கையில் சிலேட்டுமாக இறங்கி, முதலில் பார்த்த ஆளிடம் நீட்டினார். "என் குரல் இங்கே இருக்கிறதா?" என்று எழுதியிருந்தது.

இருந்தது. கம்பவுண்டர் தேவராசு வீட்டில் இரண்டு மாதமாக இருந்தது. தேவராசு அண்ணன் தனிக்கட்டை. சீட்டாட ஆள் கிடைத்ததே என்று தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அந்த இரண்டு மாதமும் தென்னவராயனுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்திருக்கிறது. சொந்த மகளின் கல்யாணத்தில் வாசலில் நின்று "வாங்க" என்று ஒருத்தரையும் அழைக்கமுடியாமல் கும்பிட்டுக்கொண்டே நின்றாராம். அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது தேவராசு அண்ணனால் தலை நிமிர முடியவில்லை. ஒரே மூச்சில் மிச்சப் பக்கங்களை வாய்விட்டு வாசித்தார், எழுதியவர் எதிரே உட்கார்ந்து கேட்டார். கடைசி வரி முடிந்ததும் குரல் தொண்டைக்குள் போய்ச் சேர்ந்தது. அவர் இருமிவிட்டுப் பேசிய முதல் வாக்கியம்: "நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அச்சுப்பிழை இருக்கு."

குரல் இங்கே தங்கியிருந்த நாட்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. தேவராசு அண்ணனோடு சீட்டாடியதைச் சொன்னால் "நானா?" என்று கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு சீட்டாட்டத்தில் அவரை யாராலும் ஜெயிக்க முடியவில்லை என்று ஒரு கடிதம் வந்தது.

அன்றிலிருந்து நூலகச் சுவரில் சற்குணம் சார் கைப்பட எழுதி ஒட்டினார்: எடுத்தால் முடிக்கணும். பதினாலு நாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. எனக்கு இரண்டரை வயதில் என் அம்மா சந்தனமாரி ஐந்தே முக்கால் வண்டியில் கீழே போனாள். திரும்பவில்லை. "கீழ போயிருக்கா" என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது, பதினைந்து வருஷமாக அதே வாக்கியம். ஒரு போட்டோ இருக்கிறது, அதில் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். குரல் எனக்கு நினைவில்லை. சின்ன வயசில் நான் ஒவ்வொரு குரலாகப் பேசிக் காட்டி ராக்கு அத்தையிடம் "இதுவா?" என்று கேட்பேன். "இல்லடி" என்பாள். இன்னொன்று. "இல்லடி." அப்படித்தான் ஊரிலுள்ள பொம்பளைக் குரலெல்லாம் தீர்ந்து ஆம்பளைக் குரலுக்கு வந்து, அங்கிருந்து சைரனுக்கும் இருவாச்சிக்கும் போனேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

ஜூலையில் வந்த கட்டில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒல்லி, மண் நிற அட்டை, 'ஏழு நோட்டு' என்று பெயர், எழுதியவர் நீலாவதி. படம் இல்லை. தன்வரலாறு என்பதால் யாரும் தொடவில்லை. எனக்கு வேறு எதுவும் தரமாட்டேன் என்றதால் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, வாசற்படியில் சாய்ந்து நின்றபடியே முதல் பக்கத்தைத் திறந்தேன்.

"கதவைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றது ஒரு பெண் குரல்.

ஷிஃப்ட் முடிந்து அப்பா அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார். என் அப்பா தங்கப்பழம், தேயிலை ஃபேக்டரி மாடியில் பச்சை இலையை வாடப்போடுகிறவர். அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவர் கையிலிருந்த குடை படியில் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"கனி" என்றார். அவர் மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். "யார் குரல வேணா பண்ணு. இதப் பண்ணாத."

"நான் பண்ணலப்பா."

"எங்க கத்துக்கிட்ட? ராக்கு சொல்லிக்குடுத்தாளா?"

"இல்லப்பா, புக்குல இருந்து வந்துச்சு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கு அத்தை, "ரேடியோ, இது யாருடி? எங்கயோ கேட்ட குரலா இருக்கு. இன்னிக்குத்தான் நல்லாப் பேசுற" என்று வேறு குரல்கொடுத்தாள். அப்பா நம்பவில்லை. ஊரில் யார்தான் நம்புவார்கள். சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார். "வாய்ல ஊத்திக்க. முழுங்காத." இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்ப நடுவீட்டில் நின்றேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி எனக்குக் கண் கலங்கியது.

"பிள்ளைய ஏங்க இப்படி நிக்க வச்சிருக்கீங்க?" என்றது குரல். "முழுங்கச் சொல்லுங்க."

முழுங்கினேன். அப்பா படியிறங்கிப் போய்ச் சாக்கடையிலிருந்து குடையை எடுத்துவந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று இலை. நீலாவதி என்பது அம்மா எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர். நான் ஆசைப்பட்டதுபோல எதுவும் இல்லை. அவளுக்கு எங்களைத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தோம், அதனால் குரலில் இல்லை. "உங்க வீட்டம்மா எங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா, "கீழ போயிருக்கா" என்றார். "வந்துருவாங்களா?" என்றாள். அப்பா உலையைக் கிளறிக்கொண்டிருந்தார். ஆனால் கடுகு தாளிக்கும்போது, "மேல் தட்டுல ரெண்டாவது டப்பா" என்று சட்டென்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே யோசித்தாள். "இது எனக்கு எப்படித் தெரியும்?"

பதினைந்து வருஷமாக அப்பா அந்த டப்பாவை இடம் மாற்றவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் சைரன் ஊதிக் காட்டினேன், கண்டக்டர் அண்ணனைப் பேசிக் காட்டினேன், சிரித்தாள். சிரிப்பு ஏறி ஏறி கடைசியில் விக்கலில் முடிந்தது. அந்த விக்கலை நான் முயன்று பார்த்தேன், வரவில்லை. "உன் குரல்ல பேசேன், கேப்போம்" என்றாள். எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தோன்றவில்லை. "எல்லாம் என் குரல்தான்" என்று பூசாரி குரலில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் படித்துக்கொண்டிருந்தவள் நாலாகக் குறைத்து, இரண்டாக்கினேன். அப்படியும் பன்னிரண்டாவது நாள் கடைசி இரண்டு அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். அவள் நோட்டில் எழுதுவாள் என்று புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூட நோட்டில் ஆறு வருஷமாக எழுதியிருக்கிறாள். மொத்தம் ஏழு நோட்டு. பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தலைப்பு 'வெந்நீர்'. அதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் புத்தகத்தைக் காணவில்லை.

"எங்கப்பா?"

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"பதினாலு நாள்தாம்ப்பா."

"கனி. இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நான் தேடவில்லை. பதினெட்டாம் நாள் சற்குணம் சார் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "புக்கு?" என்றார். "தொலஞ்சு போச்சு சார்" என்றார் அப்பா. உள்ளேயிருந்து குரல், "பொய் சொல்றாரு சார்" என்றது. சற்குணம் சார் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு என் அம்மாவைத் தெரியும். ஏழு நோட்டுக்கும் அட்டை போட்டுக் கொடுத்ததே அவர்தான் என்று புத்தகத்தில் வருகிறது. திரும்பி மழைக்குள் போய்விட்டார்.

இருபத்திரண்டாம் நாள் மயில்சாமி அண்ணன் டீக்கடையில் சலித்துக்கொண்டிருந்தார். "கீழ பஸ் ஸ்டாண்டுல மைக்ல பேசுற அம்மாவுக்கு மூணு வாரமா குரலே இல்ல. எந்த வண்டி எங்க போகுதுன்னு சொல்ல ஆளில்லாம அவனவன் மாத்தி ஏறுறான். நேத்து பழனிக்குப் போறவரு நம்ம வண்டில ஏறி இருபதாம் வளைவுல எழுந்து 'முருகா'ங்குறாரு. ஒண்ணாந்தேதியிலிருந்து மிஷின் வச்சுருவாங்களாம். எட்டு மாசந்தான் ஆச்சு அந்தம்மா வேலைக்கு வந்து."

டீ டம்ளரைப் பாதியில் வைத்தேன். நான் கடைசியாகக் கீழே போய் ஒரு வருஷம் இருக்கும். அண்ணனின் தோல் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"வாங்க, டீ சாப்பிடுறீங்களா?" என்றது குரல்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். "ஏ ரேடியோ. இவங்கதான். தினமும் கேக்குற குரலுல்ல. 'தவளைமட்டம் செல்லும் பயணிகள் கவனிக்கவும்'னு மூணு வேளையும் இவங்கதான சொல்லுவாங்க."

அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அண்ணன் மிஷின் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா கொல்லைப்புறம் போய், விறகுக் கட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துவந்தார். விறகுக்கு நடுவில் ஏன் வைத்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"படி. சத்தமா" என்றார். "யார் குரல்லயும் வேணாம்."

படித்தேன். தொண்டையில் யாரும் இல்லாமல் படிப்பது வெறுங்காலோடு சரளையில் நடப்பது மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயம் இரண்டே பக்கம். ஒன்பது நாள் விடாத மழை, விறகெல்லாம் ஈரம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு முதல் குளியல், அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்ததால் வெந்நீர் வைத்தது அப்பா. திரும்பி வந்தபோது பிள்ளை துண்டில் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தது, அடுப்பில் ஏழாவது நோட்டின் முதுகு மட்டும் எரியாமல் மிச்சம் இருந்தது. 'அவருக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குச் சரியான சூடுதான்.' அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசி அத்தியாயம் அதைவிடச் சின்னது. ஊர் ஊராக வேலை பார்த்து, ஆறு நோட்டை நினைவிலிருந்து திரும்ப எழுதியது, ஏழாவது எவ்வளவு முயன்றும் வராதது, மலையடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் வேலைக்குச் சேர்ந்தது. 'அந்த வண்டியை ஒரு நாளைக்கு மூன்று தடவை அறிவிக்கிறேன். அறிவித்துவிட்டு அது கிளம்புகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். கிளம்பிவிடும்.'

அவ்வளவுதான். புத்தகத்தை மூடினேன்.

"அப்ப வரேன்" என்றாள்.

விடியும் முன்னே எழுந்து மூன்று பேரும் நடந்தோம். அப்பா குடையை யாருமில்லாத பக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி வந்தார். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. படிக்கட்டுக்கிட்ட நின்று அப்பா சொன்னார்: "அது பழைய பள்ளிக்கூட நோட்டுன்னு நெனச்சேன்."

"எதுங்க?" என்றது குரல்.

அப்பா குடையை அவள் பக்கம் இன்னும் சாய்த்தார். பதினைந்து வருஷம் சுமந்துகொண்டு வந்த வாக்கியம், கேட்கவேண்டியவளிடம்தான் சொன்னார், அவளிடம் அதை வாங்கிவைக்க இடமில்லை. எழுதிவிட்டிருந்தாள். மயில்சாமி அண்ணன் அரை டிக்கெட் கிழித்து ஜன்னலோரக் கம்பியில் செருகினார். வண்டி முதல் வளைவில் திரும்பும்வரை, "கடுகு தீந்துபோச்சு, வாங்கிவைங்க" என்று அவள் சொல்வது கேட்டது.

"நீ கீழ போய்ப் பாக்கலாம்ல" என்றார் அப்பா, வரும் வழியில். யோசித்தேன். போனால் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று பயத்தில் இருபது குரலில் பேசுவேன், அவளும் சிரித்துவிட்டுச் சில்லறையைப் போட்டு அனுப்பிவிடுவாள். குரலிடம் சொன்னது எதுவும் தங்காது என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. நிற்கிறதெல்லாம் காகிதத்தில்தான் நிற்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன்.

மழை முடியும்வரை எழுதினேன். சைரன், வெள்ளைப் பெட்டை, சிலேட்டுக்காரர், "இதுவா?" "இல்லடி" எல்லாவற்றையும் எழுதினேன். முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் காலியாக விட்டு அப்பாவிடம் நீட்டினேன். மூன்று நாள் வைத்திருந்தார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் சொல்லமாட்டேன்.

ஸ்டாம்பு பாக்கி இருந்தது. நூலகத்துக்குப் பின்னால் நின்று ராக்கு அத்தை குரலில், "சார், காட்டெருமை சார், உங்க வெண்டைக்காய்ப் பாத்திய மேயுது சார்" என்று கத்தினேன். சற்குணம் சார் குடையோடு ஓடினார். நான் உள்ளே புகுந்து முதல் பக்கத்தில் ஒன்று, முப்பத்தொன்றில் ஒன்று குத்தினேன். திரும்பினால் சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "மை சரியா விழல. இன்னொரு தடவ அழுத்திக் குத்து" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயைப் பார்க்கப் போய்விட்டார்.

மயில்சாமி அண்ணன் கொண்டுபோய் அறிவிப்பு அறை ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டாளாம். "ஸ்டாம்பெல்லாம் இந்த மலையோட சரி, கீழ வேலை செய்யாதுடி" என்று ராக்கு அத்தை ஆறுதல் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் போயிற்று. தினமும் காலையில் எழுந்ததும் சைரன் ஊதிப் பார்ப்பேன். கணீரென்று வரும். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எட்டாம் நாள் காலை வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ராக்கு அத்தை ஓடிவந்தாள். "என்னடி, இன்னிக்கு ஊதல? மூணு வீட்ல ஆள் எந்திரிக்கல." தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். பூசாரியைப் போட்டுப் பார்த்தேன், இருவாச்சியைப் போட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. அத்தை மிளகும் பனங்கற்கண்டும் எடுக்க ஓடியவள், நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

அப்பா அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகவில்லை. சாயந்திர வண்டி வந்தபோது நாங்கள் இருவரும் ஸ்டாப்பில் இருந்தோம். மயில்சாமி அண்ணன் இறங்கும்போதே ஆரம்பித்தார்.

"கீழ இன்னிக்கு ஒரே கூத்து. நான் டீ குடிச்சிட்டு நிக்கிறேன், மைக்ல நானே பேசுறேன். 'தவளமட்டம் தவளமட்டம், உள்ள தள்ளி நில்லுங்க, படில தொங்காதீங்க'ன்னு. அப்புறம் சற்குணம் சார் வந்து 'எடுத்தா முடிக்கணும்'ங்குறாரு. அப்புறம் நம்ம பூசாரி மந்திரம் சொல்றாரு. மதுர வண்டிக்காரன் பாதிப் பேரு நம்ம வண்டில ஏறிட்டான்."

"அவ?" என்றார் அப்பா.

"சிரிக்கிறாங்க. மைக்க நிறுத்தாமயே சிரிக்கிறாங்க. சிரிச்சு சிரிச்சு விக்கல் எடுத்துருச்சு, ஸ்டாண்டு பூரா விக்கல்." அண்ணன் பையைத் தோளில் சரிசெய்தார். "ஆனா மூணு மணிக்கு நம்ம வண்டிய மட்டும் அறிவிக்கவே இல்ல. மைக் ஆன்ல இருந்துச்சு, கரகரன்னு சத்தம் வருது, ரெண்டு பேர்ல ஒருத்தரும் பேசல. காகிதம் திரும்புற சத்தங்கூட இல்ல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, ரெண்டாவது ஸ்டாம்பு குத்தின பக்கம் தெறந்து கிடக்கு. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டு வண்டிய எடுக்கச் சொல்லிட்டேன்."

அப்பா குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "மொத்தம் எத்தனை பக்கம்?" என்று கேட்டார். விரல்களில் காட்டினேன். ஒன்று, ஒன்பது, இரண்டு.

"பொடி எழுத்தா எழுதியிருக்கலாம்ல" என்றார். "கூடக் கொஞ்ச நாள் ஆகும்."

மெதுவாப் படிம்மா, என்று நான் சொன்னேன். அது அப்பாவுக்குக் கேட்கவில்லை.